முட்டை முதிரும் கடைசி மணித்தியாலங்கள்

சூலகத்திலிருந்து எடுத்த இரண்டு முட்டைக் கலங்களை நுணுக்குக்காட்டியின் கீழ் அருகருகே வைத்தால், பருமனில் பெரிய வேறுபாடு தெரியாது. இரண்டும் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டைகள். ஒன்று முதிர்ந்தது, மற்றையது முதிராதது. முதிர்ந்த முட்டைக்குள் ஒரு விந்து நுழைந்தால், உள்ளே கல்சியத்தின் செறிவு சட்டென்று உயர்ந்து, அலையாக முட்டை முழுவதும் பரவி, அடங்கி, சில நிமிடங்கள் கழித்து மறுபடியும் எழும். இப்படி மணித்தியாலக் கணக்கில் எழுந்து எழுந்து அடங்கும் அந்த அலைகள்தான் முட்டையை முளையமாக வளரச் செய்கின்றன. முதிராத முட்டைக்குள் அதே விந்து போனால், கல்சியம் சிறிதாக ஓரிரு தரம் எழுந்து ஓய்ந்துவிடும். முளையம் உண்டாகாது. விந்துக்குச் சரியான பதில் தரும் திறமை முட்டையுடன் கூடப் பிறப்பதில்லை. முட்டை சூலகத்திலிருந்து வெளியேறுவதற்கு முந்திய ஒன்றரை நாளில்தான் அந்தத் திறமை அதற்குள் கட்டியெழுப்பப்படுகிறது.

கல்சியம் என்றதும் எலும்பும் பல்லும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையோர ஊர்களின் கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கப்படும் கல்சிய மாத்திரையும் தாயினதும் சிசுவினதும் உடல்தேவைக்கானது. வளர்ந்த ஒருவரின் உடலில் ஒரு கிலோகிராம் அளவு கல்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உறைந்து கிடக்கிறது. முட்டைக்குள் அலையாக எழும் கல்சியம் அளவில் மிக மிக அற்பமானது. அது உடலைக் கட்டும் பொருளாக இல்லாமல் செய்தியாக வேலை செய்கிறது. பாலும் மாத்திரையும் கூடுதலாக எடுத்தால் முட்டை நன்றாக முதிரும் என்று நினைப்பதற்கு இடமில்லை. இரத்தத்தின் கல்சிய அளவை உடலே ஓமோன்களைக் கொண்டு இறுக்கமாகக் காத்துவைத்திருக்கிறது.

முட்டைக் கலத்தின் வரலாறு அதைச் சுமக்கும் பெண் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஐந்து மாதச் சிசுவாக இருக்கும்போதே அவளுடைய சூலகங்களில் 60 முதல் 70 இலட்சம் முட்டைக் கலங்கள் உருவாகியிருக்கும். பிறக்கும்போது அவை 10 முதல் 20 இலட்சமாகக் குறைந்துவிடும். பூப்படையும் வயதில் மிஞ்சுபவை 3 முதல் 4 இலட்சம். வாழ்நாள் முழுவதிலும் மாதத்துக்கு ஒன்றாக வெளியேறுபவை ஏறக்குறைய 400 மட்டுமே. இந்த முட்டைக் கலங்கள் சிசுப் பருவத்திலேயே, நிறமூர்த்தங்களைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவைத் தொடங்கி, முதற் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன. அந்த நிறுத்தம் சிலவற்றுக்கு 12 வருடம், சிலவற்றுக்கு 40 வருடத்துக்கும் மேல். சக்கர ஏ.எம்.பி. என்ற மூலக்கூறு முட்டைக்குள் உயர்ந்த அளவில் இருக்கும்வரை பிரிவு முன்னேறாது. அந்த அளவு குறையாமல் பார்த்துக்கொள்வது முட்டையைச் சூழ்ந்திருக்கும் துணைக் கலங்கள். அவை இடைவிடாமல் இன்னொரு மூலக்கூறை முட்டைக்குள் அனுப்பி அதைத் தூங்க வைத்திருக்கின்றன.

மாதவிடாய்ச் சுற்றின் நடுப்பகுதியில் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி லூட்டினாக்கும் ஓமோனைப் பெருமளவில் வெளிவிடுகிறது. அது எட்டியதும் துணைக் கலங்கள் அனுப்பிவந்த தடைச் செய்தி நிற்கிறது, முட்டை விழித்துக்கொள்கிறது. கருவைச் சுற்றியிருந்த மென்சவ்வு கரைகிறது. நிறமூர்த்தங்களில் பாதி, முனைவுடல் என்ற சிறு பொட்டலமாக ஓரத்தில் ஒதுக்கித் தள்ளப்படுகிறது. பிறகு இரண்டாம் பிரிவு தொடங்கி, அனுவவத்தை எனப்படும் நடுக்கட்டத்தில் முட்டை மீண்டும் நிற்கிறது. ஓமோன் உயர்ந்ததிலிருந்து முட்டை சூலகத்தை விட்டு வெளியேறும்வரை ஏறத்தாழ 36 மணித்தியாலம். இரண்டாம் முறை நின்ற முட்டையை இயற்கையில் மறுபடியும் சரியாகக் கிளப்பக்கூடியது விந்து ஒன்றுதான். அது வராவிட்டால் முட்டை அதே நிலையில் நின்று அழிந்துபோகும்.

முனைவுடல் தெரிந்தால் முட்டை முதிர்ந்தது என்று ஆய்வுகூடங்களில் எடுத்துக்கொள்வார்கள். அது கருவின் முதிர்ச்சிக்கான அடையாளம். கருவைச் சூழ்ந்துள்ள குழியவுருவும் அதே வேளையில் முதிர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவது முதிர்ச்சியில் பெரும்பங்கு கல்சிய ஏற்பாடுகளைத் திருத்தியமைப்பதற்கே போகிறது.

உயிருள்ள எந்தக் கலத்திலும் வெளியே இருக்கும் கல்சிய அயனின் செறிவு, உள்ளே சுதந்திரமாக இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. உள்ளே கசிந்து வருவதை மென்சவ்விலுள்ள பம்பிகள் ஓயாமல் வெளியே தள்ளுகின்றன. இன்னும் ஒரு பகுதியைக் கலத்துக்குள்ளேயே அகமுதலுருச் சிறுவலை என்ற மெல்லிய குழாய்ப் பின்னல் சேமித்து வைக்கிறது. குளத்து நீரை நம்பி வயல் செய்யும் அம்பாறைக் கரையோரத்து மக்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். சிறுவலை ஒரு குளம்; அதன் சுவரில் பதிந்திருக்கும் ஐ.பி.3 வாங்கி என்ற புரதம் அதன் துருசு. ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் துருசு திறந்து கல்சியம் பாயும். குளத்துத் துருசுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு. பாய்ந்து வந்த கல்சியமே பக்கத்துத் துருசையும் திறக்கத் தூண்டும். அதனால் ஓர் ஓரத்தில் தொடங்கிய பாய்ச்சல் மறு ஓரம் வரை தானாகவே ஓடிப்போகும். செறிவு மிகையானால் அதே கல்சியம் துருசுகளை மூடவும் செய்யும். உடனே பம்பிகள் சிந்தியதை அள்ளித் திரும்பவும் குளத்தில் நிரப்பும். அலை எழுவதும் அடங்குவதும் இப்படித்தான்.

இந்த அலையை முதலில் காட்டித் தந்தவை கடல்வாழ் உயிரினங்களின் முட்டைகளும் மீன் முட்டைகளும். 1876 இல் ஜேர்மன் விலங்கியலாளர் ஒஸ்கார் ஹேர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் விந்தின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றுசேர்வதை விவரித்தார். அதன் பிறகு நூறு ஆண்டுகளாக அந்த முட்டையே ஆய்வாளரின் கைப்பொருளாயிற்று. கடல்நீர் ஒரு துளியில் முட்டைகளை விட்டு, விந்து சேர்த்துப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்குள் முட்டையின் மேற்பரப்பிலிருந்து மெல்லிய உறையொன்று கொப்பளித்து மேலெழுந்து, சுற்றிவர நின்றுவிடும். அதன் பிறகு வேறெந்த விந்தும் உள்ளே புக முடியாது. 1937 இல் டானியல் மேசியா இந்த நேரத்தில் முட்டைக்குள் கட்டுண்ட கல்சியம் விடுபடுகிறது என்று காட்டினார். 1974 இல் ஸ்டைன்ஹார்ட்டும் எப்பலும் விந்தே இல்லாமல், கல்சியத்தை மென்சவ்வுகளைத் தாண்டிக் கடத்தும் அயனோஃபோர் என்ற இரசாயனத்தை இட்டு, முள்ளெலி முட்டையை விழிக்க வைத்தார்கள். கல்சியம் உயர்ந்தாலே போதும், முட்டை புறப்பட்டுவிடும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

அலையைக் கண்ணால் காண உதவியது மெடாக்கா என்ற ஜப்பானிய நெல்வயல் மீன். விரல் நீளம்கூட இல்லாத இந்த மீனின் இனத்தைச் சேர்ந்தவை இந்திய, இலங்கைக் கரையோர உவர்நீரிலும் வாழ்கின்றன. ஒரு வகைச் சொறிமுட்டையிலிருந்து ஒசாமு ஷிமோமுரா 1962 இல் பிரித்தெடுத்த எக்குவோரின் என்ற புரதம் கல்சியம் பட்டால் நீல ஒளி விடும். 1977 இல் ரிட்ஜ்வே, கில்கி, லயனல் ஜாஃபி ஆகியோர் அந்தப் புரதத்தை மெடாக்கா முட்டைக்குள் ஏற்றினார்கள். விந்து நுழைந்ததும் முட்டையின் ஒளி பல மடங்காக உயர்ந்தது. அடுத்த வருடம் வெளியான தொடர் ஆய்வில், விந்து நுழையும் முனையில் பிறந்த ஒளிப்பட்டை முட்டையைக் கடந்து எதிர்முனையில் போய் அவிவது படமாகவே பதிவாகியிருந்தது.

இங்கே கரைவலையில் பிடிபடும் மீனின் வயிற்றைக் கீறும் எவரும் சினையின் பல நிலைகளைப் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது வெளிறிய மஞ்சளாக, ஒளி புகாமல், இறுக்கமாக இருக்கும். முட்டையிடும் வேளை நெருங்கிய மீனில் மட்டும் முட்டைகள் நீரை இழுத்துப் பருத்து, ஒளி ஊடுருவும்படி தெளிந்திருக்கும். பல கடல்மீன்களில் இந்தத் தெளிவு முதிர்ச்சியின் வெளி அடையாளம். முலையூட்டிகளின் முட்டையில் அப்படியொரு வெளிப்படையான அடையாளம் கிடையாது. எலியின் முட்டையிலும் மனிதரின் முட்டையிலும் நடப்பவற்றை அறிய ஆய்வாளர் பட்ட சிரமத்துக்கு அது ஒரு காரணம்.

1981 இல் கத்பர்ட்சன், விட்டிங்ஹாம், கொபோல்ட் ஆகிய மூவரும் சுண்டெலியின் முட்டையில் கல்சியம் திரும்பத் திரும்ப உயர்வதைப் பதிவு செய்தார்கள். மீனிலும் தவளையிலும் அலை ஒரு தடவைதான். முலையூட்டிகளில் அது தொடர் அலை. சுண்டெலியில் 10 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தரம், ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் நீடிக்கும். ஜப்பானில் ஷுனிச்சி மியாசாக்கி ஹம்ஸ்டர் முட்டையில் இதே அலைகளைப் படமாகப் பதிவு செய்தார். 1992 இல் அவரும் மிக்கோஷிபாவின் குழுவும் ஐ.பி.3 வாங்கியை அடைக்கும் பிறபொருளெதிரியை முட்டைக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். விந்து நுழைந்தும் அலை எழவில்லை. துருசு எது என்பது அன்றே உறுதியாயிற்று.

இதன் பிறகு எழுந்த கேள்விதான் முதிர்ச்சியைப் பற்றியது. துருசும் குளமும் முதிராத முட்டையிலும் இருக்கின்றன. அப்படியிருக்க அங்கே ஏன் அலை சரியாக எழுவதில்லை?

விடை ஒன்றாக இல்லை. பல மாற்றங்கள் சேர்ந்தே நடக்கின்றன. அமெரிக்காவில் மெல்மனும் கிளைனும் 1994 இல் சுண்டெலி முட்டைகளை ஒப்பிட்டார்கள். முதிராத முட்டையிலும் விந்துக்குக் கல்சியம் எழுந்தது; ஆனால் உயர்வு சிறியது, தடவைகளும் குறைவு. விந்தை விட்டுவிட்டு ஐ.பி.3 ஐயே நேரடியாக ஏற்றியபோதும் அதே வேறுபாடு தெரிந்தது. குறை விந்தில் இல்லை, முட்டையின் உள் ஏற்பாட்டில் இருக்கிறது என்பதற்கு அது நேரான சான்று. குளத்தில் சேர்ந்திருக்கும் கல்சியமும் முதிர்ச்சியின்போது கூடுகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின.

குளம் இருக்கும் இடமும் மாறுகிறது. முதிராத சுண்டெலி முட்டையில் சிறுவலை குழியவுரு எங்கும் மெல்லியதாகப் பரவிக் கிடக்கும். முதிர்ந்த முட்டையில் அது ஒன்று இரண்டு மைக்ரோமீற்றர் அளவுள்ள கொத்துகளாகத் திரண்டு, முட்டையின் மேற்பரப்பை ஒட்டிய ஓரப்பகுதிக்கு வந்துவிடும். விந்து நுழைவது அந்த ஓரத்தில்தான். ஐ.பி.3 வாங்கிகளும் கூடவே அங்கு குவிகின்றன. அதோடு, முதிர்ச்சியை நடத்தும் நொதியங்கள் அந்த வாங்கிகளில் பொசுபேற்றுக் கூட்டங்களை ஒட்டுவதால், முன்பு அதிக ஐ.பி.3 தேவைப்பட்ட துருசு இப்போது குறைந்த அளவுக்கே திறக்கிறது. நட்சத்திர மீனின் முட்டையிலும் முதிர்ச்சியோடு இந்த உணர்திறன் கூடுவதை 1990 இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருக்கிறது. பரிணாமத்தில் இவ்வளவு தூரம் விலகிய உயிர்களில் ஒரே ஏற்பாடு திரும்பத் திரும்ப வருவது இதன் அடிப்படைத் தன்மையைச் சொல்கிறது.

வெளி வாசலிலும் மாற்றம் நடக்கிறது. இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் காலித் மச்சாக்கா. இந்தக் கரையோரத்து வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் தொழிலுக்குப் போயிருக்கும் கட்டாரில், தோஹாவிலுள்ள வெய்ல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருடைய ஆய்வுகூடம் இயங்குகிறது. அவர் எடுத்துக்கொண்டது ஆபிரிக்கத் தவளையின் முட்டை. ஒரு மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட பருமனுள்ள அந்த முட்டையில் வேலை செய்வது எளிது. சாதாரணமாக எந்தக் கலத்திலும் உட்குளம் வற்றினால், அந்தச் செய்தி வெளிமென்சவ்வுக்குப் போய், அங்குள்ள ஒராய் என்ற கால்வாய் திறந்து வெளியிலிருந்து கல்சியம் வந்து குளத்தை நிரப்பும். முதிரும் தவளை முட்டையில் இந்த வாசல் அடைபடுகிறது. ஒராய் புரதங்களே மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றன. கல்சியத்தை வெளியே தள்ளும் பம்பிகளும் அப்படியே உள்வாங்கப்படுகின்றன. இதன் பலன் இரண்டு. விந்து வருவதற்கு முன் வெளியிலிருந்து கல்சியம் புகுந்து முட்டையை வீணாக விழிக்கச் செய்யாது. விந்து வந்த பிறகு, உள்ளே பாய்ந்த கல்சியத்தை வெளியே தள்ள ஆளில்லாததால் அலை உயர்ந்தபடியே நின்று, மெதுவாக, முட்டை முழுவதையும் கடக்கும்.

சுண்டெலியிலும் வெளிவாசல் முதிர்ச்சியோடு ஒடுங்குகிறது. ஆனால் முழுதாக அடைபட முடியாது, ஏனென்றால் அங்கே அலைகள் மணித்தியாலக் கணக்கில் தொடர வேண்டும். ஒவ்வோர் அலையிலும் கொஞ்சம் கல்சியம் வெளியே போய்விடும். அதை ஈடுசெய்ய வேறு கால்வாய்கள் அளவாகத் திறந்திருக்கின்றன. தவளையிடம் கண்ட விதியை அப்படியே முலையூட்டிக்குப் பொருத்த முடியாது.

அலை எழும்பினால் மட்டும் போதாது. அதற்கு வேலை செய்து கொடுக்கும் பொருட்களும் தயாராக வேண்டும். முட்டையின் ஓரத்தில் ஆயிரக்கணக்கான சிறு பைகள் முதிர்ச்சியின்போது வந்து வரிசையாக அணிவகுக்கின்றன. கல்சியம் உயர்ந்ததும் அவை வெளியே உடைந்து தம் நொதியங்களைக் கொட்டி, முட்டையைச் சூழ்ந்த உறையை மாற்றிவிடும். பின்னால் வரும் விந்துகள் அதில் ஒட்ட முடியாமல் போகும். கடல் முள்ளெலியில் கொப்பளித்து எழுந்த உறைக்கு முலையூட்டியில் இதுவே ஈடு. நாகமும் இதில் பங்கெடுக்கிறது. முதிரும் முட்டை அதைப் பெருமளவில் சேர்த்து வைத்து, கருக்கட்டல் நேரத்தில் கல்சிய அலையோடு வெளியே சிதறவிடும். 2016 இல் மனித முட்டையிலும் இந்தச் சிதறல் பதிவாயிற்று.

இவ்வளவும் ஆயத்தமான முட்டைக்கு விந்து கொண்டுவரும் பொருள் எது என்பது நீண்டகாலம் புதிராகவே இருந்தது. 2002 இல் பிரித்தானியாவில் கார்ல் ஸ்வானும் அந்தனி லாயும் தம் குழுவினரோடு விடையைக் கண்டார்கள். விந்தில் மட்டும் காணப்படும் ஒரு நொதியம், பி.எல்.சி. சீற்றா என்பது அதன் பெயர். விந்து முட்டையோடு இணைந்ததும் அது உள்ளே கசிந்து, ஐ.பி.3 ஐ உற்பத்தி செய்யத் தொடங்கும். அங்கிருந்து துருசு, பாய்ச்சல், அலை. அலைகள் காம்கினேஸ் என்ற நொதியத்தைத் தூண்ட, அது எமி-2 என்ற புரதத்தை அழிக்க வழிசெய்யும். முட்டையை இரண்டாம் நிறுத்தத்தில் பிடித்து வைத்திருந்தது அந்த எமி-2. அது அழிந்ததும் ஒடுக்கற்பிரிவு நிறைவேறி, இரண்டாவது முனைவுடல் வெளியேறும். தாயின் கருவும் தந்தையின் கருவும் உருவானபின் சுண்டெலியில் அலைகள் தாமாகவே ஓய்ந்துவிடும்.

முதிர்ச்சி குறைந்தால் என்ன நடக்கும் என்பதை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டுவது எருமை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் எருமைத் தயிரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவின் ஹரியானா மாநிலத்தில் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில், 1990 இல், உலகின் முதலாவது சோதனைக்குழாய் எருமைக் கன்று பிறந்தது. பிரதம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். இந்த வேலைக்கு முட்டைகள் மடுவத்திலிருந்து வருகின்றன. அறுத்த எருமைகளின் சூலகங்களை வெதுவெதுப்பான உப்புநீரில் இட்டு ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருவார்கள். பரப்பில் கொப்புளங்களாகத் தெரியும் சூல்பைகளில் ஊசியைச் செலுத்தி உள்திரவத்தை உறிஞ்சி எடுப்பார்கள். தட்டில் ஊற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், துணைக் கலங்கள் பல அடுக்காக மொய்த்திருக்கும் முட்டைகளும், அவை உதிர்ந்து வெறுமையான முட்டைகளும் கலந்திருக்கும். அடுக்குக் குலையாதவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, ஓமோன் சேர்த்த ஊடகத்தில், உடல் வெப்பத்தில், ஏறத்தாழ ஒருநாள் வைத்து முதிர வைப்பார்கள். இவை எல்லாம் எடுக்கும்போது முதிராத முட்டைகள். உடலுக்குள் லூட்டினாக்கும் ஓமோன் செய்யும் வேலையைத் தட்டில் மனிதர் செய்துபார்க்கிறார்கள். முனைவுடலைத் தள்ளும் முட்டைகள் இதில் நிறையவே கிடைக்கும். கன்றாகக்கூடிய முளையம்வரை போகிறவை அவற்றில் சிறு பங்குதான். கருவின் முதிர்ச்சியும் குழியவுருவின் முதிர்ச்சியும் ஒன்றல்ல என்பதை இந்த இடைவெளி கண்முன் காட்டுகிறது.

அதே நிறுவனம் 2009 இல் படியாக்க முறையில் எருமைக் கன்றுகளைப் பிறப்பித்தது. பெப்ரவரியில் பிறந்த முதற் கன்று சில நாட்களில் இறந்தது. யூனில் பிறந்த கரிமா உயிர்தப்பியது. படியாக்கத்தில் விந்துக்கு இடமேயில்லை. முதிர்ந்த முட்டையின் நிறமூர்த்தங்களை அகற்றிவிட்டு வேறொரு கலத்தை அதனுடன் இணைப்பார்கள். விந்து இல்லையென்றால் பி.எல்.சி. சீற்றா இல்லை; அலையும் இல்லை. அந்த இடத்தை நிரப்ப, முட்டையை ஏ23187 என்ற கல்சியம் அயனோஃபோரில் சில நிமிடம் வைத்தெடுத்தார்கள். 1974 இல் கடல் முள்ளெலியின் முட்டையை எழுப்பியதும் இதே இரசாயனம்தான்.

மனிதரில் இந்த அறிவு குழந்தைப்பேறு வேண்டிய தம்பதியரின் சிகிச்சைக்கு வந்து சேர்கிறது. 1978 யூலை 25 இல் இங்கிலாந்தில் உலகின் முதலாவது சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுண் பிறந்தார். அதே வருடம் ஒக்டோபர் 3 இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் துர்கா பிறந்தார். சோதனைக்குழாய் முறை என்று அன்று அறியப்பட்டது இன்று உலகின் பல நாடுகளிலும் நடக்கிறது. இலங்கையிலிருந்து சென்னைக்குப் போய்ச் சிகிச்சை பெறும் தம்பதியரும் உண்டு. முதிர்ச்சியைத் தூண்டும் ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டைகளை எடுப்பது, முன்னே சொன்ன அந்த ஒன்றரை நாள் கணக்கை வைத்துத்தான். முந்தி எடுத்தால் முதிராது. பிந்தினால் முட்டைகள் தாமாகவே வெளியேறிவிடும். நேரம் தவறாமல் ஊசி போடச் சொல்லி மருத்துவர்கள் இவ்வளவு வற்புறுத்துவதன் காரணம் இதுவே. அப்படி எடுத்தவற்றிலும் சில முதிராமலே இருக்கும். ஊசியால் தூண்டாத சூலகத்திலிருந்து எடுத்த முதிராத முட்டைகளைத் தட்டில் முதிர வைத்துக் குழந்தை பிறந்த முதல் நிகழ்வு 1991 இல் தென் கொரியாவிலிருந்து அறிவிக்கப்பட்டது.

1992 இல் பெல்ஜியத்திலிருந்து இக்சி முறை வந்தது. ஒரே ஒரு விந்தை ஊசியால் நேரே முட்டைக்குள் வைப்பதே அது. இதிலும் சில தம்பதியருக்கு ஒரு முட்டைகூடக் கருக்கட்டுவதில்லை. அவர்களில் ஒரு பகுதியினரில் கோளாறு விந்தின் பி.எல்.சி. சீற்றா மரபணுவில் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. வேறு சிலரில் முட்டையின் பக்கம்தான் குறை. பிள்ளை இல்லையென்றால் பெண்ணையே குற்றஞ்சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. ஒரு விந்தில் ஒரு நொதியம் பிசகினாலும் அலை எழாது என்பதை ஆண்களும் அவர்களைப் பெற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

இப்படி முட்டை கருக்கட்டாத தம்பதியருக்கு அயனோஃபோரைக் கொண்டு முட்டையைச் செயற்கையாக எழுப்புவதுண்டு. இதில் மூன்றாம் ஆளின் விந்தோ முட்டையோ சேர்வதில்லை. கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையை அனுமதித்து எகிப்திலிருந்து 1980 இலேயே பத்வா வெளிவந்திருக்கிறது. மார்க்க வரம்பு குறித்துக் கவலைப்படும் குடும்பங்களுக்கு அது முக்கியமான தகவல். ஆனால் மருத்துவ வரம்பு ஒன்றும் இருக்கிறது. அயனோஃபோர் கொடுப்பது ஒரேயொரு பெரிய உயர்வு. இயற்கையில் விந்து எழுப்பும் தொடர் அலைகளை அது தருவதில்லை. முட்டையின் குளமும் துருசும் முதிராமல் இருந்தால் வெளியிலிருந்து கல்சியம் ஊட்டி அந்தக் குறையை முழுதாகத் தீர்க்கவும் முடியாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, முளையவியல் சங்கம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டல், முட்டைகள் முற்றாகவோ பெரும்பாலுமோ கருக்கட்டாமல் போனவர்களுக்கும், தலையுருண்ட விந்து உள்ளவர்களுக்கும் மட்டும் இதைச் சிபாரிசு செய்கிறது. எல்லோருக்கும் கூடுதல் செலவில் இதை விற்பதற்கு அது இடம் தரவில்லை.

முதிர்ச்சி ஓர் எல்லையில் நின்றுவிடுவதும் இல்லை. வெளியேறிய முட்டைக்கு விந்து வராமல் நேரம் கடந்தால், கட்டியெழுப்பிய கல்சிய ஏற்பாடு சரியத் தொடங்கும். குளத்தின் சேமிப்புக் குறையும். எழும் அலைகள் உயரம் குறைந்து, அடிக்கடி வரத் தொடங்கும். வளர்ச்சியைத் தூண்ட வேண்டிய அலை கலத்தின் அழிவைத் தூண்டுவதாக மாறக்கூடும். வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் சௌபேயின் குழு எலி முட்டைகளில் இதை ஆராய்ந்திருக்கிறது. வெளியேறிய முட்டை காத்திருந்து மூப்படையும்போது, விந்தே இல்லாமல் கல்சியம் சற்று உயர்ந்து, இரண்டாம் நிறுத்தத்திலிருந்து தானாகவே வெளியேற முயலும். அந்த உயர்வு போதாததால் பாதிவழியில் நின்று கெட்டுப்போகும்.

மனிதரில் வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரையே கருக்கட்டக்கூடியது. விந்து பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்து 1995 இல் வெளியான ஆய்வில், கருத்தரிப்பு நிகழ்ந்தது முட்டை வெளியேறிய நாளிலோ அதற்கு முந்திய ஐந்து நாட்களிலோ உறவுகொண்டபோது மட்டும்தான். அடுத்த நாளிலிருந்து வாய்ப்பு இல்லை. பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு மருத்துவர்கள் முட்டை வெளியேறும் நாளுக்கு முந்திய நாட்களைக் குறித்துக் கொடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான்.